ஞாயிற்றுக்கிழமைத் தலை வேலை

ஜூன் 1, ஞாயிறு

புத்தாண்டுக்கு அச்சடித்த டைரிகள் கடையில் இன்னும் நாலு கட்டு மீந்து கிடக்கின்றன. ஜூன் மாதத்தில் யார் டைரி வாங்குவார்கள்? முதலாளி அண்ணாச்சி ஆளுக்கொன்றாக எங்கள் தலையில் கட்டிவிட்டார். "எழுதுங்கடே, மனசு லேசாகும்" என்று உபதேசம் வேறு.

சரி, எழுதுவோம். என் பெயர் ஆவுடையப்பன். வீடு பாளையங்கோட்டையில், வேலை டவுனில், ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவுக்கு சூப்பர்வைசர். வயது முப்பத்தெட்டு. பார்த்தால் இருபத்தெட்டு மாதிரி இருக்கிறேனாம். நான் சொல்லவில்லை, கஸ்டமர்கள் சொல்கிறார்கள்.

காலையில் தலை வேலை. அது என்ன வேலை என்று இங்கே எழுதப்போவதில்லை. டைரி என்பது யார் கையிலும் சிக்கக்கூடிய வஸ்து. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் தலை வேலை உண்டு, வெள்ளைத் துண்டைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். செண்பகம் கதவைத் தட்டினாள். "இவ்வளவு நேரம் உள்ள என்ன பண்ணுதீய?" "எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கேன்" என்றேன். நல்ல பெண், நம்பிவிட்டாள். கல்யாணமாகி எட்டு வருடமாக நம்புகிறாள்.

சாயங்காலம் மொட்டைமாடிக்குக் காற்று வாங்கப் போனேன். ஏலக்காய் மென்றுகொண்டே இறங்கினேன்.

எழுத வேண்டியதை விட்டுவிட்டு என்னென்னவோ எழுதிக்கொண்டிருக்கிறேன். தங்கை கோமதி மதுரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வயது முப்பத்தைந்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதலில் களைப்பு என்றாள். பிறகு கையிலும் காலிலும் நீலநீலமாகக் கன்றிப்போனது, பல் தேய்த்தால் ரத்தம் நிற்கவில்லை. எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற மஜ்ஜை வற்றிவிட்டதாம். கூடப் பிறந்தவர்கள் யாருடைய மஜ்ஜையாவது பொருந்தினால் பிழைத்துக்கொள்வாளாம். என் ரத்தத்தை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

பொருந்திவிட்டது! கோமதியைப் பார்க்கிற டாக்டர் சபூரா அம்மாவே போன் செய்து சொன்னார். பத்துக்குப் பத்தாம். என் வாழ்நாளில் எந்தப் பரீட்சையிலும் நான் பத்துக்குப் பத்து வாங்கியதில்லை.

தம்பி தாணு மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். அங்கே ஏசி மெக்கானிக். "ஏண்ணே, நானும் டெஸ்ட் குடுத்துப் பாக்கட்டா? ரெண்டு பேரு இருந்தா நல்லதுல்லா?" என்றான். "எதுக்குடே உனக்கு வீண் அலைச்சல்? நான் இருக்கேன்லா" என்று சொல்லிவிட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு தியாகி போதும்.

எங்கள் மூவரில் தாணு ஒருவனுக்குத்தான் தலை வேலை தேவைப்பட்டதில்லை. அதனால் அவனை நானும் கோமதியும் 'தவிட்டுக்கு வாங்கின பிள்ளை' என்போம். விளையாட்டாகத்தான். அவன் கோபித்துக்கொண்டு கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான்.

ஜூன் 8, ஞாயிறு

தலை வேலை.

கடை வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். 'தங்கைக்கு உயிர் தரும் தங்க அண்ணன்!' என்று கொட்டை எழுத்து. கீழே ஆளுயரத்துக்கு நான், கைகூப்பியபடி. அதற்கும் கீழே 'ஆடித் தள்ளுபடி விரைவில்'. ஃப்ளெக்ஸ் அடித்தவன் என் தலையை இன்னும் கொஞ்சம் கருப்பாக்கியிருக்கிறான். தேவையே இல்லை. ஆனாலும் நன்றாக இருக்கிறது. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

ஜூன் 12, வியாழன்

மதுரை. டாக்டர் சபூரா என்னை உட்கார வைத்து வரிசையாகக் கேள்வி கேட்டார். அறையில் செண்பகமும் கோமதியின் மாமியாரும் இருந்தார்கள். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்ப்பவர், இப்போது எந்தக் கடலில் இருக்கிறாரோ. மாமியார்தான் உடனிருந்து பார்த்துக்கொள்கிறார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மருமகளுக்கு ஊட்டிவிடும்போது அந்த வாய் திறப்பதில்லை.

"உங்க குடும்பத்துல யாருக்காவது ஈரல் கோளாறு?"

"இல்ல டாக்டர்."

"அப்பா எதுல இறந்தாரு?"

"இருமல்ல. பஞ்சாலையில வேலை. தூசி. அம்பத்தோரு வயசு."

டாக்டர் குறித்துக்கொண்டார். "யாருக்காவது சின்ன வயசுலயே நரை உண்டா? முப்பதுக்கு முன்னாடியே?"

ரத்தத்துக்கும் மயிருக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு எரிச்சலாக வந்தது. கோமதியின் மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று "முடி எம்புட்டு அடர்த்தி, எம்புட்டு கருப்பு!" என்று கோமதியின் பின்னலைத் தூக்கிப் பார்த்தவர் இவர்தான்.

"எங்க வம்சத்துலயே கிடையாது டாக்டர்" என்றேன்.

செண்பகம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். டாக்டர் என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க தங்கச்சியும் இதேதான் சொன்னாங்க" என்றார். கோமதி புத்திசாலி.

"சிகரெட்?"

"தொட்டதே இல்ல."

செண்பகத்துக்கு இருமல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஏசி யாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தலை வேலை, கூடுதல் கவனத்துடன். பொருள் தீர்ந்திருக்கும் என்று பயந்தேன். அலமாரியில் இன்னும் இரண்டு பாக்கெட் இருக்கிறது. நான் சிக்கனமானவன்தான்.

ஜூன் 20, வெள்ளி

கோமதி போனில் கிசுகிசுத்தாள். "அண்ணே, வகிடு வெளுத்துட்டு வருது. சால்வையைப் போட்டுத் தலையை மூடிக்கிட்டே இருக்கேன். குளிருதுன்னு நெனச்சு அத்தை ஏசியை அணைக்கச் சொல்லிட்டாவ. வார்டே வேர்த்து வழியுது. பக்கத்துப் பெட்டுக்காரவ என்னையத் திட்டுதாவ. எதாவது செய்யேன்."

அப்பா எங்கள் இருவரிடமும் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லிருங்க. தெரிஞ்சா உங்களுக்குக் கல்யாணமே நடக்காது." அப்பா சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நாங்கள் இதுவரை தட்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு உடல் தகுதிப் பரிசோதனை இருக்கிறது. எப்படியும் மதுரை போகவேண்டும். பொருளை ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டுக்கொண்டு போவேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று நடந்தது ஒரு சின்னத் தவறான புரிதல்.

மத்தியானம் மாமியாரும், என்னோடு வந்திருந்த செண்பகமும் சாப்பிடப் போன நேரம். கோமதியை வார்டுக் குளியலறையில் ஸ்டூலில் உட்கார வைத்தேன். ட்ரிப் ஸ்டாண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை இப்படித்தான் உட்கார வைப்பார். கோமதி கழுத்தைக் குனிந்து காட்டியதும் எனக்கு அது ஞாபகம் வந்தது. கழுத்து கோழிக்குஞ்சுக் கழுத்துபோல மெலிந்து இருந்தது. இடது பாதியை முடித்துவிட்டேன். வலது பாதிக்கு வகிடு எடுக்கும்போது கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரு? என்ன வாடை இது?" சிஸ்டர் எஸ்தர்.

"எண்ணெய்" என்றேன்.

கதவைத் திறக்காவிட்டால் வாட்ச்மேனைக் கூப்பிடுவேன் என்றார். திறந்தேன். என் கையில் ரப்பர் உறை, உறையில் கருப்பு, வெள்ளை டைல்ஸில் கருப்பு, ட்ரிப் பாட்டிலில்கூட ஒரு சொட்டுக் கருப்பு. நடுவில் கோமதி, இடது பாதி கருப்பும் வலது பாதி வேரெல்லாம் பஞ்சு வெள்ளையுமாக.

"எதிர்ப்புச் சக்தியே இல்லாத புள்ள! சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிக்காது! உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்று சிஸ்டர் போட்ட சத்தத்தில் டாக்டர் சபூராவே வந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. கோமதி முன்னால் குனிந்து, "எந்த வயசுல இருந்தும்மா?" என்று மட்டும் கேட்டார்.

கோமதி அழுதுவிட்டாள். "பதினாறு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"எனக்கு இயற்கையாவே..."

"கல்யாணம் ஆன மூணாம் நாளே தலையணை உறை சொல்லிட்டு டாக்டர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். செண்பகம். "எட்டு வருஷமா நான்தான் தோய்க்கேன். பாக்கெட் தீந்துபோனா வாங்கி அலமாரியில வைக்கிறதும் நான்தான். அது தானா முளைக்குதுன்னு இவிய நெனச்சுக்கிட்டிருக்காவ. மொட்டைமாடில தெனமும் ரெண்டு சிகரெட்டு உண்டு. அதையும் எழுதிக்கோங்க."

மாமியார் எப்போது வந்தாரென்று தெரியவில்லை. கையில் தயிர்சாத டப்பாவுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் 25, புதன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அது தவறான புரிதல் இல்லை.

டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். சொன்னேன். உடனே தன் சேலை முந்தானையை மேஜைமேல் எடுத்துப் போட்டார்.

"இந்தக் குஞ்சம் எதுக்குக் கட்டுறாங்க?"

"நூல் பிரியாம இருக்க. அழகுக்கும்தான். ஆனா இது சரியாக் கட்டலை டாக்டர், முடிச்சு லூசு" என்றேன். செண்பகம் என் காலை மிதித்தாள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குரோமோசோம் என்று நீளநீளமாக இருக்கிறதாம். அதன் இரண்டு முனையிலும் இப்படி ஒரு குஞ்சம், பெயர் டெலோமியர். செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் குஞ்சம் கொஞ்சம் குறைகிறது. ரொம்பக் குறைந்துவிட்டால் செல் அதற்குமேல் பெருகாது. ஓயாமல் பெருகியாக வேண்டிய இடங்கள் சில உண்டு. ரத்தம் ஊறும் மஜ்ஜை அதில் ஒன்று. அங்கே குஞ்சத்தைத் திரும்பத் திரும்பக் கட்டிவிட ஓர் ஆள் இருக்கிறது. அதன் பெயர் டெலோமரேஸ்.

"சில குடும்பங்கள்ல அந்த ஆளு பிறவியிலயே அரைநாள்தான் வேலை செய்யும்" என்றார் டாக்டர். "முதல்ல முடி நரைக்கும். அப்புறம் ஒருத்தருக்கு மஜ்ஜை வத்தும், ஒருத்தருக்கு ஈரல் கெடும், ஒருத்தருக்கு நுரையீரல் தழும்பாகி இறுகிப்போகும். வறட்டு இருமல் வரும்."

அப்பா. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். பஞ்சுத் தூசி என்றே சொல்லி வந்தோம்.

"அப்போ அந்த ஆளை முழுநாள் வேலை செய்ய வைக்க மாத்திரை இல்லையா?" என்று கேட்டேன். தலைமுடிக்காகத்தான் கேட்டேன் என்பது டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "இளமைக்குன்னு போன்ல எவனாவது விப்பான். வாங்கிறாதீங்க" என்றார். "புற்றுநோய் செல் என்ன பண்ணுது தெரியுமா? லீவுல இருக்க வேண்டிய அந்த ஆளைத் தட்டி எழுப்பி ராப்பகலா வேலை வாங்குது. அதனாலதான் அது சாகாம பெருகிக்கிட்டே போகுது. குறைஞ்சாலும் வியாதி, மிஞ்சினாலும் வியாதி."

கடைசியாகச் சொன்னதுதான் விஷயம். கோமதிக்கு வந்திருப்பது இந்த வியாதியாக இருந்து, எனக்கும் அதே குறை இருந்தால், என் மஜ்ஜை அவளுக்கு ஆகாது. அவளுக்குள் போயும் அது அரைநாள்தான் வேலை செய்யும், பிறகு அதுவும் வற்றும். அதற்குள் அவளுடைய சொந்த மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்திருப்பார்கள். திரும்பி வர வழி கிடையாது. இரண்டு பேருக்கும் மரபணு சோதனை எடுத்தாகிவிட்டது.

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் டாக்டர். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வெளியே வந்ததும் மாமியார் பிடித்துக்கொண்டார். "ஏன்யா தம்பி, அறுபத்திரெண்டு வயசுல என் தலை என்ன தானாவா கருகருன்னு இருக்கு? நானும் பூசுறவதான்யா! மசுருக்காக அந்தப் புள்ள உசுரையில்ல விடப் பாத்தீங்க!" சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஜூன் 29, ஞாயிறு

தலைக்கு டை அடிக்கவில்லை. (எழுதிவிட்டேன். டை.)

அடித்துக்கொள்ளலாம், அதனால் ஒரு கெடுதலும் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். கிண்ணத்தில் கலக்கியும் விட்டேன். கண்ணாடியில் பார்த்தால் கோமதியின் பாதித் தலைதான் தெரிகிறது. கொட்டிவிட்டேன்.

எனக்குப் பதினெட்டில் நரைத்தது. அப்பாவுக்கு இருபதில். கடைசிக் காலத்தில் அவரால் கையைத் தூக்க முடியவில்லை, நான்தான் அடித்துவிடுவேன். அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் தலை கருப்பாகத்தான் இருந்தது. பார்க்க வந்தவர்கள் "சின்ன வயசு" என்று சொல்லி அழுதார்கள். எனக்கு அன்று அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அப்பா மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நரை ஒன்றுதான், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

இரண்டு மணி நேரம் மீந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் செண்பகத்துக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

ஜூலை 9, புதன்

காதோரம் வெள்ளை ஏறிவிட்டது. வாசலில் ஃப்ளெக்ஸில் கருப்புத் தலையோடு நான், உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் இப்படி நான். ஒரு கஸ்டமர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெளிய இருக்கது உங்க மகனா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். விளக்கம் சொல்ல யாரால் முடியும்? மூன்று பட்டுச்சேலை எடுத்தார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவில் டாக்டரின் போன். கோமதிக்கு அந்தக் குறை இருப்பது உறுதி. எனக்கும்.

சேலை மடிக்கிற மேஜைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். நான் தங்க அண்ணன் இல்லை. நான் சொன்ன பொய் பலித்திருந்தால் என் கையாலேயே அவளைக் கொன்றிருப்பேன். கடைப் பெண்கள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

மஸ்கட்டுக்குப் போன் செய்தேன்.

"தாணு, நீதான் டெஸ்ட் குடுக்கணும்டே. எனக்கும் அந்தக் குறை இருக்காம்."

"போனவாட்டி வேண்டாம்னுல்லா சொன்ன?"

"தப்புதாம்டே."

"அண்ணே, பயமா இருக்குண்ணே."

"ஊசி ஒண்ணும் வலிக்காது."

"ஊசிக்கு இல்ல. பொருந்தலன்னா? சுத்தமாப் பொருந்தலன்னா? உங்க ரெண்டு பேருக்கும் நரைச்சுட்டு, எனக்கு நரைக்கல. நீங்க சொன்னதுதான் நெசமோன்னு நான் எத்தனை வருஷம் நெனச்சிருக்கேன் தெரியுமா? டெஸ்ட்டுல வேற மாதிரி வந்துட்டா நான் எங்கண்ணே போவேன்?"

முப்பத்துமூன்று வயது ஆள். பத்தாவது மாடியில் கயிற்றைக் கட்டித் தொங்கிக்கொண்டு ஏசி மாட்டுகிறவன். நான் மேஜைக்கடியில் இருந்தபடி அழுதேன். "ஏல, நீ பெறக்கும்போது ஆஸ்பத்திரி வாசல்ல அப்பா கூட நின்னது நான்டே. அஞ்சு வயசு எனக்கு. உன்னைய முதல்ல என் மடியிலதான் வச்சாவ. வாடே" என்றேன். அடுத்த விமானத்தில் வருகிறேன் என்றான்.

ஜூலை 24, வியாழன்

தாணு மதுரை வந்துவிட்டான். கோமதிதான் ஆரம்பித்தாள். "வாடே தவிட்டு மூட்டை. எவ்வளவு தவிடுன்னு டெஸ்ட்டுல தெரிஞ்சுரும்." அவன் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முன்பெல்லாம் வந்த சிரிப்பு.

அவன் ரத்தமும் போயிருக்கிறது. பொருந்துகிறதா என்று ஒரு சோதனை, குறை இருக்கிறதா என்று ஒரு சோதனை. இரண்டிலும் தேறவேண்டும். டாக்டர் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோமதிக்குக் காய்ச்சல். ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வெளியே சிஸ்டர் எஸ்தர் என்னைப் பார்த்து, "பையில என்ன?" என்றார். "ஹார்லிக்ஸ்" என்றேன். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பொருந்திவிட்டது! பத்துக்குப் பத்து! குறையும் இல்லை!

டாக்டர் சொல்லி முடித்ததும் தாணு, "அப்போ நான் இவங்க தம்பிதானா டாக்டர்?" என்று கேட்டான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பின்ன? ஒரே அப்பா அம்மா கிட்ட இருந்து மூணு பேரும் ஒரே சீட்டை எடுத்திருக்கீங்க. இப்படி அமையிறது அபூர்வம். அந்தக் குறை மட்டும் உங்க பங்குல விழல" என்றார். தாணு வராண்டாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். நான் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேருமே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வழியாகப் போன ஒருவர் அங்கே என்ன இருக்கிறதென்று தானும் பார்த்துவிட்டுப் போனார்.

கோமதி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து போனில் கேட்டாள். "அப்போ இனிமே என் உடம்புல ஓடப்போறது தவிட்டு ரத்தமா?"

"ஆமாக்கா. முழுக்க முழுக்க."

"வெளங்கிரும்" என்றாள். இந்த மாதத்தில் அவள் சிரித்தது இன்றுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முதலாளி அண்ணாச்சிக்கு ஃப்ளெக்ஸை வீணாக்க மனமில்லை. என் முகத்தின்மேல் தாணுவின் முகத்தை ஒட்டச் சொல்லிவிட்டார். 'அண்ணன்' மேல் 'தம்பி' என்றும், 'தங்கைக்கு' மேல் 'அக்காவுக்கு' என்றும் காகிதம் ஒட்டினார்கள். இப்போது என் உடம்பு, என் கைகூப்பு, தாணுவின் தலை. அது ஒன்றும் மோசமில்லை. என்னிடம் இல்லாததை அவன் கொடுக்கிறான், கைகூப்பவாவது நான் இருக்கிறேனே.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்றுதான். கோமதியின் பழைய மஜ்ஜையைப் போன வாரம் முழுக்க மருந்து கொடுத்து அழித்துவிட்டார்கள். முடியும் கொட்டிவிட்டது. தாணுவின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்தது ஒரு சின்னப் பையில் தொங்கியது, ரத்தம் ஏற்றுகிற மாதிரியே. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு இவ்வளவுதானா என்றிருந்தது.

தாணு படுக்கையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, "இடுப்பு வலிக்கு. பிரியாணி வாங்கிட்டு வா" என்றான். வாங்கிக்கொண்டு வந்தேன். காலையும் அமுக்கிவிட்டேன். "போதும்ணே, ஆளுங்க பாக்காவ" என்றான். பார்க்கட்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

கோமதியின் ரத்தத்தில் எண்ணிக்கை ஏறவில்லை. டாக்டர் பொறுக்கச் சொல்கிறார். கோமதி ஊர் திரும்பியதும் முருகனுக்கு முடி கொடுப்பதாகச் செண்பகம் வேண்டிக்கொண்டாள். என் முடியை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஏறுகிறது! நேற்று கொஞ்சம், இன்று அதைவிட நன்றாகவே. தாணுவின் செல்கள் அவள் எலும்புக்குள் குடிபோய், அங்கே நம்ம ஆள் முழுநாள் வேலையைத் தொடங்கிவிட்டது. சிஸ்டர் எஸ்தர் என்னிடமே வந்து சொல்லிவிட்டு, கையையும் குலுக்கினார். குலுக்கிய பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், கருப்பு எதுவும் ஒட்டவில்லை.

என்னையும் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் இப்போதைக்குச் சுத்தம். இனி வருடம் ஒருமுறை காட்டவேண்டும். ஒரு சிகரெட்கூடக் கூடாது. மொட்டைமாடிக்குப் போகிறேன், காற்று வாங்க. நிஜமாகவே காற்றுதான். அது இவ்வளவு போரடிக்கும் என்று தெரியாது.

அக்டோபர் 5, ஞாயிறு

கோமதியை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். இன்னும் கவனமாகத்தான் இருக்கவேண்டும், நுரையீரலும் ஈரலும் அவளுடையவைதானே. ஆனால் ரத்தம் ஊறுகிறது. மாமியாரிடம் கணக்கு வாத்தியார் குரலில் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. மொட்டைத் தலையில் கட்ட நான் எடுத்துப்போன பட்டுத் துணியில் குஞ்சம் சரியில்லையாம்.

தாணு இன்று மஸ்கட் திரும்பினான். வழியனுப்ப மதுரை விமான நிலையம் போயிருந்தேன். நேற்று கடைக்கு வந்து எல்லோருக்கும் சேலை எடுத்தவன், பை நிறையப் புதுத்துணியோடு நின்றான். உள்ளே போகிற வாசலில் திடீரென்று என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"அண்ணே, இங்க பாரு. காதுக்கு மேல. காலைல கண்ணாடியில பாத்தேன். வந்துட்டுண்ணே!"

குனிந்து காட்டினான். அப்பா முன்னால் நாங்கள் குனிந்த மாதிரியே. கருகருவென்ற அந்த முடிக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று மின்னியது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். விரலால் தொட்டும் பார்த்தேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நரைதானண்ணே?"

"நரையேதாம்டே" என்றேன். "அசல் நம்ம வீட்டு நரை."

அவன் நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. முழுக்க வெளுத்துப்போன என் தலையைத் தன் கையால் ஒரு முறை கலைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனான்.

இந்த டைரியில் ஆரம்பத்தில் நிறையப் பொய் எழுதிவிட்டேன். இனி எழுதுவதில்லை என்று இருக்கிறேன். அதனால் இதையும் உள்ளபடியே எழுதி வைக்கிறேன்: அது சேலையிலிருந்து ஒட்டிய நூல்.